விண்டோஸ் 10 ஆதரவு நிறைவு: அலுவலகக் கணினிகளை மாற்றும் முன் நிறுவனங்கள் கவனிக்க வேண்டியவை

புதுதில்லி: விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவையும் இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளையும் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நிறுத்திக்கொண்டது. அதனால் எந்தக் கணினியும் அன்று முடங்கிவிடவில்லை. பில் போடும் மென்பொருளும் கணக்கு மென்பொருளும் முன்பு போலவே இயங்குகின்றன. எனவே, இயங்குதள மாற்றத்தைத் தள்ளிப்போடலாம் என்ற எண்ணம் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு எழுவது இயல்பு. தள்ளிப்போடுவதில் அபாயம் இருப்பதைப் போலவே, எல்லாக் கணினிகளையும் ஒரே நாளில் அவசரமாக மாற்றுவதிலும் அபாயம் உள்ளது. இவ்விரண்டையும் எடைபோட்டு முடிவெடுக்க உதவும் விவரங்கள் வருமாறு:

ஆதரவு முடிந்த பின் என்ன நேர்கிறது?

மைக்ரோசாஃப்ட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமையன்று பாதுகாப்புப் புதுப்பிப்புகளை வெளியிடுகிறது. விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஆகிய இரண்டிலும் பொதுவான நிரல் பகுதிகள் ஏராளம். புதிய இயங்குதளத்தில் ஒரு குறைபாடு சரிசெய்யப்பட்டதும், புதுப்பிப்புக்கு முந்தைய கோப்பையும் பிந்தைய கோப்பையும் ஒப்பிட்டு, ஓட்டை எங்கே இருந்தது என்பதைத் தாக்குதல் நடத்துவோர் கண்டறிய முடியும். அதே ஓட்டை பழைய இயங்குதளத்திலும் இருந்தால், அது அடைபடாமல் அப்படியே நீடிக்கும். ஆகவே, ஆதரவு இழந்த கணினியின் அபாயம் மாதந்தோறும் கூடுகிறது.

வைரஸ் தடுப்பு மென்பொருள் இருப்பதே போதும் என்று கருதுவதும் சரியன்று. தீங்கான நிரலை அடையாளம் காண்பது அதன் பணி. இயங்குதளத்தில் உள்ள ஓட்டையை அதனால் அடைக்க இயலாது.

தாமதத்தின் விலை: 2017

2017 மே 12-ஆம் தேதி பரவத் தொடங்கிய ‘வான்னாக்ரை’ ரான்சம்வேர், சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பாதித்தது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட அந்த நிரல் பயன்படுத்திய ஓட்டைக்கான புதுப்பிப்பை, இரு மாதங்களுக்கு முன்பே, மார்ச் 14-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் வெளியிட்டிருந்தது. பிரிட்டனின் தேசிய சுகாதார சேவையில் 19,000-க்கும் மேற்பட்ட மருத்துவச் சந்திப்புகள் ரத்தாகியிருக்கலாம் என்று மதிப்பிடப்பட்டதாக அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகத்தின் அறிக்கை தெரிவித்தது.

பாதிக்கப்பட்ட கணினிகளில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7-இல் இயங்கியவை என்று காஸ்பர்ஸ்கி நிறுவனம் தெரிவித்தது. விண்டோஸ் 7-க்கு அப்போது ஆதரவு இருந்தது குறிப்பிடத்தக்கது. ஆதரவு உள்ள இயங்குதளத்தை வைத்திருந்தாலும், வரும் புதுப்பிப்புகளை உரிய காலத்தில் நிறுவாவிட்டால் பயன் இல்லை என்பதையே இது காட்டுகிறது.

அவசரத்தின் விலை: 2024

2024 ஜூலை 19-ஆம் தேதி நேர்ந்தது இதற்கு மறுபக்கம். கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பப்பட்ட பிழையான புதுப்பிப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் வழங்கப்பட்டது. அது இயங்குதள மாற்றம் அன்று. இணையத் தாக்குதலும் அன்று. ஆயினும், சோதித்துப் படிப்படியாக அனுப்பப்பட வேண்டிய மாற்றம் எல்லாக் கணினிகளையும் ஒரே நேரத்தில் சென்றடைந்தால் என்ன ஆகும் என்பதற்கு அது சான்றானது.

முடங்கிய கணினிகள் பலவற்றை ஒவ்வொன்றாக நேரில் சென்று சரிசெய்ய வேண்டியிருந்தது. ‘பிட்லாக்கர்’ மூலம் வட்டு குறியாக்கம் செய்யப்பட்ட கணினிகளுக்கு 48 இலக்க மீட்புக் குறியீடு தேவைப்பட்டது. அதை எடுத்துவைக்காத இடங்களில் பணி மேலும் தாமதமானது.

ஏடிஎம்களில் பின்பற்றப்பட்ட முறை

படிப்படியான மாற்றத்துக்கு இந்தியாவிலேயே முன்னுதாரணம் உண்டு. விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளத்துக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதி முடிந்த பிறகும், பல ஏடிஎம் இயந்திரங்கள் அதிலேயே இயங்கி வந்தன. இதையடுத்து இந்திய ரிசர்வ் வங்கி 2018 ஜூன் மாதம் வங்கிகளுக்குக் காலக்கெடுவுடன் உத்தரவு பிறப்பித்தது. அதன்படி, 2018 செப்டம்பருக்குள் 25 சதவீதம், டிசம்பருக்குள் 50 சதவீதம், 2019 மார்ச்சுக்குள் 75 சதவீதம், ஜூனுக்குள் அனைத்து ஏடிஎம்களும் ஆதரவு உள்ள இயங்குதளத்துக்கு மாற்றப்பட வேண்டும்.

அதற்கு முன்பாகவே, 2018 ஆகஸ்டுக்குள் யுஎஸ்பி இணைப்புகளை முடக்குதல், பயாஸ் கடவுச்சொல் அமைத்தல் போன்ற நடவடிக்கைகளை முடிக்கவும் அறிவுறுத்தப்பட்டது. உடனே செய்யக்கூடிய காப்பை முதலில் செய்துவிட்டு, பெரிய மாற்றத்தைப் பகுதி பகுதியாக மேற்கொள்ளும் இந்த அணுகுமுறை, 10 கணினிகள் உள்ள அலுவலகத்துக்கும் பொருந்தும்.

எந்தக் கணினி மாறும்?

விண்டோஸ் 11-க்கு ‘டிபிஎம் 2.0’ என்ற பாதுகாப்புச் சிப், ‘செக்யூர் பூட்’ வசதி, குறைந்தது 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம், பட்டியலிடப்பட்ட பிராசஸர் ஆகியவை தேவை. இன்டெல் கோர் வகையில் பொதுவாக 8-ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தையவையும் ஏற்கப்படுகின்றன. சில கணினிகளில் டிபிஎம் இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். எனவே, புதிய கணினி வாங்க முடிவெடுக்கும் முன் பயாஸ் அமைப்பைச் சரிபார்ப்பது செலவை மிச்சப்படுத்தும்.

தகுதியற்ற கணினியில் குறுக்கு வழியில் விண்டோஸ் 11-ஐ நிறுவவும் இயலும். ஆனால், அத்தகைய கணினிகளுக்குப் புதுப்பிப்புகள் கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை என்று மைக்ரோசாஃப்ட் எச்சரித்துள்ளது. பாதுகாப்புக்காகச் செய்யும் மாற்றம் அதனால் பொருளற்றதாகிவிடக்கூடும்.

கட்டண நீட்டிப்பு யாருக்கு?

உடனே மாற இயலாத நிறுவனங்களுக்கு, அதிகபட்சம் 3 ஆண்டுகளுக்குக் கட்டண அடிப்படையில் விண்டோஸ் 10 பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வழங்கப்படுகின்றன. கணினி ஒன்றுக்கு முதலாண்டுக் கட்டணம் 61 அமெரிக்க டாலர் என மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அத்தொகை ஆண்டுதோறும் இரட்டிப்பாவதால், 3 ஆண்டுகளுக்கு மொத்தம் 427 டாலர் ஆகும். இரண்டாம் ஆண்டில் சேர்வோர் முதலாண்டுக்கும் சேர்த்துச் செலுத்த வேண்டும். ஆகவே, இதனை மாற்றத்துக்கான அவகாசமாகக் கொள்ளலாமே தவிர, மாற்றாகக் கருத இயலாது.

பழைய இயந்திரத்துடன் இணைந்தே இயங்க வேண்டிய கணினிகளை இணையத்திலிருந்து துண்டிப்பதும், அலுவலகத்தின் பிற கணினிகளிலிருந்து தனிமைப்படுத்துவதும் அவசியம்.

மாற்றும்போது பின்பற்ற வேண்டிய வரிசை

* அனைத்துக் கணினிகளையும், அவற்றில் உள்ள மென்பொருள்கள், இணைக்கப்பட்ட பிரிண்டர், ஸ்கேனர் ஆகியவற்றையும் பட்டியலிட வேண்டும். டிஜிட்டல் கையொப்பச் சாதனங்களையும் இதில் சேர்க்க வேண்டும்.

* தரவுகளின் காப்புப் பிரதியை எடுத்து, கணினியுடன் இணைப்பில் இல்லாத இடத்தில் வைக்க வேண்டும். அப்பிரதியிலிருந்து கோப்புகளை மீட்க முடிகிறதா என்பதைச் சோதிக்க வேண்டும்.

* பிட்லாக்கர் மீட்புக் குறியீட்டைத் தனியே பதிவுசெய்ய வேண்டும்.

* முதலில் ஓரிரு கணினிகளை மட்டும் மாற்றி, சில நாள்கள் வழக்கமான பணிகளைச் செய்து பார்க்க வேண்டும். மாதக் கடைசிக் கணக்கு முடிப்பு, வரிக் கணக்குத் தாக்கல் நாள்களைத் தவிர்ப்பது நல்லது.

* ஊழியர்களின் அன்றாடப் பணிக்கு நிர்வாகி உரிமை இல்லாத கணக்குகளையே வழங்க வேண்டும்.

* கழிக்கப்படும் கணினிகளின் வட்டில் உள்ள தரவுகளை மீட்க இயலாதவாறு அழித்த பிறகே விற்க வேண்டும்.

சட்டப் பொறுப்பு

இணையப் பாதுகாப்புச் சம்பவங்களை, அவை தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் ‘செர்ட்-இன்’ அமைப்பிடம் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் வெளியான உத்தரவு கூறுகிறது. கணினிப் பதிவுகளை 180 நாள்களுக்குப் பாதுகாக்கவும் அது பணிக்கிறது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நியாயமான பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறினால் ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்க வகைசெய்கிறது. வாடிக்கையாளரின் பெயர், கைபேசி எண் ஆகியவற்றைக் கணினியில் வைத்திருக்கும் சிறு நிறுவனங்களும் இக்கடமையைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

மாற்றம் ஒருமுறையுடன் முடிவதன்று. விண்டோஸ் 11-இன் ஒவ்வொரு ஆண்டுப் பதிப்புக்கும் ஹோம், புரோ வகைகளில் 24 மாதங்களும், என்டர்பிரைஸ் வகையில் 36 மாதங்களும் மட்டுமே ஆதரவு உண்டு. எனவே, ஒவ்வொரு கணினியிலும் உள்ள பதிப்பையும் அதன் ஆதரவு முடியும் தேதியையும் ஒரு பதிவேட்டில் குறித்து வைத்தால், அடுத்த மாற்றத்தை அவசரமின்றித் திட்டமிட இயலும்.