வாய்க்குள் வாசிப்பும் மன ஒருமையும்

நூலை விரித்துப் படிக்கும் சிறுவனின் உதடுகள் மெல்ல அசைகின்றன. ஓசை வெளியே கேட்பதில்லை. ஆயினும், ஒவ்வொரு சொல்லும் அவன் வாய்க்குள் ஒலித்த பின்னரே கருத்தில் பதிகின்றது. இதனைக் காணும் ஆசிரியர், “வாயை அசைக்காதே, கண்ணால் படி” என்று திருத்துகின்றார். வாய்க்குள் சொல்லிப் படித்தால் விரைவு குறையும், மனம் ஒருமைப்படாது என்பன இத்திருத்தத்திற்குச் சொல்லப்படும் காரணங்களாகும்.

இக்காரணங்கள் எத்துணை உண்மையானவை என்பது தமிழாசிரியர் ஆராயத்தக்க வினாவாகும். சிங்கப்பூரின் வடபுறத்தே செம்பவாங் போன்ற வட்டாரங்களில் இன்று தமிழ் பயிலும் பிள்ளைகளுக்கு இஃது இன்றியமையாத வினாவுங்கூட. எழுத்துக் கூட்டத் தெரிந்தும் பொருள் பிடிபடாமல் திகைக்கும் பிள்ளைக்கு வாய்க்குள் எழும் அந்த ஒலி தடையா, துணையா? இதற்கு விடை காணத் தமிழர் படித்துவந்த வரலாற்றையே முதலில் நோக்குதல் வேண்டும்.

செவிவழிக் கல்வி

தமிழில் படிப்பைக் குறிக்கும் சொற்களே இவ்வரலாற்றின் சுவடுகளைத் தாங்கி நிற்கின்றன. ஓதுதல் என்பது வாய்விட்டுச் சொல்லுதல். வாசித்தல் என்னும் சொல்லோ நூலுக்கும் உரியது. குழலுக்கும் வீணைக்கும் உரியது. பாடம் என்பது ஆசிரியர் சொல்லிக் கொடுப்பது; மாணவர் மனத்தில் நிறுத்துவதும் அதுவே. திருக்குறளில் கல்வி 40ஆம் அதிகாரமாகவும் கேள்வி 42ஆம் அதிகாரமாகவும் அமைந்து, கல்லாமையை இடையிலிட்டு நிற்பதும் நினைக்கத்தக்கது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தியார் இயற்றிய நன்னூல் மாணாக்கனுக்கு நெறி வகுக்குமிடத்தும், ஆசிரியரிடம் கேட்டலையும், கேட்டதை உள்ளத்தில் அமைத்தலையும், உடன்பயில்வோரோடு உசாவுதலையும் கற்கும் முறைகளாகக் கூறுகின்றது.

இவ்வாறு செவியும் நாவும் முதன்மை பெற்றமைக்கு ஓலைச்சுவடியும் ஒரு காரணமாகும். எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியக்கூடும் என்று ஏடெழுதியோர் பெரும்பாலும் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இடவில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வடிவில் வேறுபடாதிருந்தன. காலுக்கும் ரகரத்துக்கும் வேற்றுமை காண்பது அரிதாயிருந்தது. சொற்களுக்கிடையே இடம் விடும் வழக்கமும் இல்லை. ஆகவே, ஏட்டில் ‘எரி’ என்று காணப்படுவது நெருப்போ நீர்நிலையோ என்பதைக் கண் மட்டும் துணிய இயலாது. ‘பலகை’ என்பது ஒரு மரத்துண்டா, பல கைகளா என்பதும் அவ்வாறே.

இந்நிலையில் ஏட்டைக் கையில் எடுத்தவன் வாய்விட்டோ வாய்க்குள்ளோ சொல்லிப் பார்த்தே சொல்லைப் பிரித்தான். எதுகையும் மோனையும் சீரும் தளையும் அவனுக்கு வழிகாட்டின. ஓர் எழுத்து விழுந்திருந்தால் ஓசை தட்டியது. தட்டிய இடத்தில் அவன் நின்று ஆராய்ந்தான். எனவே, சொல்லிப் படித்தல் அவனுடைய கவனத்தைக் குறைக்கவில்லை; கவனத்தை எங்கே செலுத்த வேண்டும் என்பதைக் காட்டியது.

1871இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்த உ. வே. சாமிநாதையர் பயின்றதும் இம்முறையிலேதான். ஒருவர் நூலை வாசிக்க ஏனையோர் கேட்பர். ஆசிரியர் இடையிடையே பொருள் விளக்குவார். இப்பயிற்சியால் செவி பழகிய அவரே, பின்னாளில் புள்ளியற்ற ஏடுகளை ஒப்புநோக்கி 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார்.

திண்ணைப் பள்ளிக்கூடத்தின் கூச்சலுக்கு ஒரு குறையும் உண்டு என்பதை மறைத்தல் தகாது. அங்கே பிள்ளைகள் எண்சுவடியையும் நீதிநூல்களையும் உரத்த குரலில் ஒப்பித்தனர். பொருள் அறியாமலே நாவு ஓடியதும் உண்டு. ஒலி இருந்தால் மட்டும் மனம் அங்கே இருக்கின்றது என்று கொள்ளுதல் இயலாது.

மேல்நாட்டில் நிகழ்ந்தது

இதனைத் தமிழருக்கு மட்டும் உரிய வரலாறு என்று எண்ணற்க. கிரேக்க, இலத்தீன் ஏடுகளிலும் சொற்களுக்கிடையே இடம் விடாத காலம் இருந்தது. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில், மிலான் நகரத்து ஆயர் அம்புரோசு நாவையும் குரலையும் பயன்படுத்தாமல் கண்ணால் மட்டும் நூல் படித்ததைக் கண்ட அகுஸ்தீனார் அதனைத் தனியே குறித்து வைத்தார். இதைக் கொண்டு, பழங்காலத்தார் மௌனமாகப் படிக்கவே அறியார் என அறிஞர் சிலர் கருதினர். அக்கருத்தினைப் பெர்னார்டு நாக்ஸ் 1968இல் தக்க சான்றுகளுடன் மறுத்தார். எனினும், வாய்விட்டுப் படித்தலே அன்று பெருவழக்கு என்பதில் ஐயமில்லை.

7ஆம் நூற்றாண்டு முதல் அயர்லாந்துத் துறவியர் தாம் படியெடுத்த இலத்தீன் ஏடுகளில் சொற்களைப் பிரித்து எழுதலாயினர். இலத்தீன் அவர்களுக்குத் தாய்மொழியன்று. சேர்த்தெழுதியதைச் செவியால் பிரித்தறிதல் அவர்களுக்கு அரிதாயிருந்தது. சொல்லிடைவெளி பரவப் பரவ மௌன வாசிப்பும் பரவிற்று என்பதைப் பால் சேங்கர் 1997இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்துள்ளார். வேற்றுமொழி கற்போருக்கே கண்ணுக்கான துணை முதலில் வேண்டியதாயிற்று என்பது இங்குக் கருதத்தக்கது.

தமிழில் அத்துணையை அளித்தது அச்சு. புள்ளியும் சொல்லிடைவெளியும் 19ஆம் நூற்றாண்டில் அச்சு நூல்களின் வழியே நிலைபெற்றன. 1849இல் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவிய ஆறுமுக நாவலர், காற்புள்ளி முதலிய குறியீடுகளை உரைநடையில் ஆண்டு, எங்கே நிறுத்துவது என்பதைத் தாளிலேயே காட்டினார். முன்னர் ஆசிரியர் குரல் காட்டிய நிறுத்தத்தை இப்போது குறியீடு காட்டிற்று. கண்ணால் படிக்கும் வழி இவ்வாறு தமிழில் அகலமாயிற்று.

சிங்கப்பூரிலும் செம்பவாங்கிலும்

அச்சு வந்தவுடன் குரல் மறைந்துவிடவில்லை. சிங்கப்பூரில் அச்சாகி இன்று கிடைக்கும் தமிழ் நூல்களில் மிகப் பழையதாகக் கருதப்படுவது 1872இல் வெளிவந்த முனாஜாத்துத் திரட்டு. அது நாகூர் முகம்மது அப்துல் காதிறுப் புலவரின் இறைவேண்டல் பாடல்களின் தொகுப்பு. பாடவும் கேட்கவும் உரிய நூல். 1887இல் சிங்கை நேசனும் 1935இல் தமிழ் முரசும் தோன்றி உரைநடை வாசிப்பைப் பெருக்கின. அக்காலத்தில் தமிழ்நாட்டுப் படிப்பகங்களிலும் தேநீர்க் கடைகளிலும், மலாயாத் தோட்டங்களிலும், ஒருவர் செய்தித்தாளை உரக்க வாசிக்கப் பலர் சூழ இருந்து கேட்பது வழக்கமாயிருந்தது.

1938ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 14ஆம் நாள் செம்பவாங்கில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் பெயரால் பெருங்கப்பல் துறை திறக்கப்பட்டது. ஆங்கிலேயர் அமைத்த அக்கடற்படைத் தளத்தில் மலையாளிகளும் தமிழரும் பெருந்தொகையினராய்ப் பணியாற்றினர். தளத்தை ஒட்டிய குடியிருப்புகளில் குடும்பங்களோடு வாழ்ந்தனர். இத்தகைய குடியிருப்புகளில் பிறந்த தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ் முதலில் செவியில் விழுந்த மொழி. பின்னரே கண்ணில் பட்ட எழுத்து. நூலை எடுத்தபோது வாய்க்குள் ஒலிப்பதற்கு வீட்டுத் தமிழ் அப்பிள்ளையிடம் ஆயத்தமாக இருந்தது.

1968இல் தளத்தின் கப்பல் பட்டறை ஆங்கிலேயரிடமிருந்து சிங்கப்பூரின் கைக்கு மாறிற்று. 1971இல் ஆங்கிலப் படைகள் விலகின. தளத்தைச் சூழ்ந்திருந்த வாழ்க்கையும் மாறியது. தமிழ்ப் பள்ளிகள் மாணவரின்றிக் குறைந்தன. உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியும் 1982இல் மூடப்பட்டது. 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலம் பயிற்றுமொழியாயிற்று. மக்கள்தொகைக் கணக்கின்படி, வீட்டில் தமிழையே மிகுதியாகப் பேசுவோர் 2010இல் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு.

இன்றைய செம்பவாங் மாணவர் பலரின் இடர்ப்பாடு இம்மாற்றத்திலிருந்தே புரியும். தமிழ் எழுத்தே ஒலி வழக்கை அறிந்தவருக்கென அமைந்தது. ‘கல்’, ‘அகம்’, ‘பங்கு’ என்னும் மூன்றிலும் ககரத்தின் வரிவடிவம் ஒன்றே, ஒலியோ மூன்று. அன்றியும், நூலில் ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ என்று இருப்பதைப் பாட்டி ‘வந்துகிட்டிருக்காங்க’ என்பார். அப்பாட்டியின் பேச்சும் கேட்டிராத பிள்ளைக்கு அந்நெடுஞ்சொல் வெறும் எழுத்து வரிசையாகவே நிற்கும். இங்குக் கவனம் சிதறுவது வாய்க்குள் ஒலி எழுவதாலன்று; ஒலிக்க வேண்டிய தமிழ் உள்ளே இல்லாமையாலேயாம்.

ஆய்வுகள் கூறுவன

வாய்க்குள் வாசிப்பைப் பற்றிய உளவியல் ஆய்வு நூறாண்டுக்கு மேற்பட்டது. எட்மண்டு ஹியூயி 1908இல் வெளியிட்ட வாசிப்பு உளவியல் நூலிலேயே இந்த உட்பேச்சு விரிவாக ஆராயப்பட்டது. சுவீடன் நாட்டு எட்ஃபெல்ட் வாசிப்போரின் பேச்சுத் தசைகளில் எழும் நுண்ணிய மின்னோட்டத்தை அளந்து, 1960இல் ஆங்கிலத்தில் தம் முடிவுகளை வெளியிட்டார். எல்லாரிடத்தும் உட்பேச்சு உண்டு. பகுதி கடினமாகுந்தோறும் அது மிகும். தேர்ந்த வாசகரிடம் அது குறைவு என்பன அவர் கண்டவை.

1966இல் ஹார்டிக் முதலியோர் கலிபோர்னியாவில் ஒரு சோதனை நடத்தினர். தொண்டைத் தசை அசையும்போதெல்லாம் ஓர் ஒலி எழுப்பி வாசகருக்கு உணர்த்தவே, அவ்வசைவு விரைவில் அடங்கிற்று. அன்று பரவிவந்த விரைவு வாசிப்புப் பயிற்சிகளுக்கு இஃது ஆக்கமாகத் தோன்றியிருக்கலாம். ஆயின், 1970இல் வெளிவந்த அடுத்த ஆய்வில், உட்பேச்சை அடக்கியவர்கள் எளிய பகுதிகளை வழக்கம்போல் விளங்கிக்கொண்டாலும், கடினமான பகுதிகளை விளங்கிக்கொள்ளுதல் குறைந்தமை புலப்பட்டது.

ஆலன் பேட்லி என்னும் ஆங்கில அறிஞர் இதற்கு விளக்கம் தந்தார். படித்த சொற்கள் ஒலிவடிவில் சிறிது நேரம் மனத்தில் சுழல்கின்றன. அதனால் தொடரின் முதலும் முடிவும் ஒன்றோடொன்று இணைகின்றன. படிக்கும்போதே தொடர்பற்ற ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லச் செய்து இவ்வொலியைத் தடுத்தால், சொற்கள் இடம் மாறிய பிழைகள் வாசகர் கண்ணுக்குத் தப்புகின்றன என்பதை அவரும் உடனாய்வாளரும் 1981இல் காட்டினர். வினைமுற்றைத் தொடரின் இறுதியில் வைக்கும் தமிழுக்கு இக்கருத்து பெரிதும் பொருந்தும் எனலாம். வினை வரும்வரை எழுவாயைப் பிடித்து வைத்திருப்பதற்கு உள்ளொலி உதவுகின்றது.

மன ஒருமையை நேராக அளந்த ஆய்வும் உண்டு. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தார் 2013இல் மூவகை வாசிப்பை ஒப்பிட்டனர். வாய்விட்டுப் படித்தபோது மனம் மிகக் குறைவாகவே அலைந்தது. பிறர் வாசிக்கக் கேட்டபோது மிகுதியாக அலைந்தது. மௌன வாசிப்பு இடைப்பட்டு நின்றது. அதே பல்கலைக்கழகத்து மெக்லாடு முதலியோர், வாய்விட்டுச் சொன்ன சொற்கள் மௌனமாகப் படித்தவற்றைவிட நினைவில் நன்கு நிற்பதை 2010இல் விளக்கினர். விரைவு வாசிப்பைப் பற்றி 2016இல் கீத் ரெய்னரும் பிறரும் எழுதிய ஆய்வுரையும், உட்பேச்சை ஒழித்தால் பொருளுணர்வு குன்றாமல் விரைவு பெருகும் என்னும் கூற்றை ஏற்கவில்லை.

ஆசிரியர் செய்யத்தக்கது

வரலாறும் ஆய்வும் காட்டும் வழி ஒன்றே. கேட்டல், வாய்விட்டுப் படித்தல், வாய்க்குள் படித்தல், மௌனமாகப் படித்தல் என்பவை ஏணியின் படிகள். கீழ்ப்படியில் கால் ஊன்றாத பிள்ளையை மேற்படிக்குத் தூக்கி வைத்தால், கண் வரிகளின் மேல் ஓடும். மனம் வேறிடத்தில் நிற்கும். பேச்சுத் தமிழுக்கு வகுப்பில் உரிய இடம் தரவேண்டும் என்று 2005இல் சிங்கப்பூர்த் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு பரிந்துரைத்ததையும் இவ்வேணியின் முதற்படியைச் செப்பனிடும் முயற்சியாகவே கொள்ளலாம்.

மௌன வாசிப்புக்குப் பகுதி ஒன்றைத் தருமுன் ஆசிரியர் அதனை ஒருமுறை நிறுத்தி வாசித்துக் காட்டுதல் நன்று. பிறர் வாசிக்கக் கேட்கும்போதே மனம் மிகுதியாக அலைகின்றதாதலின், கேட்டதோடு விடாமல் மாணவரையும் ஒருமுறை வாய்விட்டுப் படிக்கச் செய்தல் வேண்டும். அதன்பின் உதடு அசைந்தால் அசையட்டும். நூல் எளிதாகுந்தோறும் அசைவு தானே அடங்கும். அடங்காத இடம் கடினமான இடம் என்று ஆசிரியர் அறிந்துகொள்ளலாம். பொருளின்றி நாவு மட்டும் ஓடுகின்றதா என்பதை ஒரு கேள்வி கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கதை நூல்களையும் செய்திகளையும் விரைந்து படிக்கும் திறனும் வேண்டுவதே; ஆனால், அது பழக்கத்தால் வருவது, தடையால் வருவதன்று.

வீட்டில் தமிழ் கேளாத பிள்ளையின் உதட்டசைவு, தமிழொலியை அது தானே தேடுவதற்கு அடையாளமாகும். அதனை அடக்குவதற்கு முன், அப்பிள்ளைக்கு ஒலித்துப் பார்க்கத் தமிழ் போதிய அளவு கேட்கக் கிடைத்ததா என்று எண்ணிப் பார்ப்பது தமிழாசிரியரின் கடமையாகும்.