வீடியோ விளையாட்டுகளில் வன்முறையும் பாலினமும்: ஒரு வரலாற்று நோக்கு

வீடியோ விளையாட்டுகள் மீதான கண்டனம் அவற்றின் தொடக்கக் காலத்திலேயே எழுந்தது. எக்சிடி நிறுவனம் 1976இல் வெளியிட்ட 'டெத் ரேஸ்', ஓடும் உருவங்களைக் காரால் மோதி வீழ்த்தும் ஆட்டமாக அமைந்தமையால் அமெரிக்காவில் கடும் எதிர்ப்புக்கு உள்ளாயிற்று. அன்று முதல் பொதுவிவாதம் பெரிதும் கண்ணுக்குப் புலனாகும் வன்முறையையே அளவுகோலாகக் கொண்டது. பாலினம் பற்றிய வினா அதன் நிழலிலேயே நின்றது.

நிண்டெண்டோவின் 'டாங்கி காங்' (1981), கொரில்லா கவர்ந்து சென்ற பெண்ணைத் தச்சன் ஒருவன் மீட்கும் கதையாகும். 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' (1985) இளவரசியை மீட்கும் கதையாகும். இவற்றில் குருதி இல்லை. ஆயின் செயல் ஆணுக்கும் காத்திருத்தல் பெண்ணுக்கும் உரியனவாகப் பகுக்கப்பட்டன. 'மெட்ராய்டு' (1986) ஆட்டத்தில் கவசமணிந்து போரிடும் சாமுஸ் ஒரு பெண் என்பது இறுதியில்தான் வெளிப்படும். அங்கும், விரைந்து வென்றோர்க்கு அவளது உடை குறைந்த தோற்றமே பரிசாயிற்று.

1993 டிசம்பர் 9 அன்று அமெரிக்க செனட் அவையில் ஜோசப் லீபர்மன், ஹெர்ப் கோல் ஆகியோர் முன்னின்று விசாரணை நடத்தினர். 'மார்ட்டல் காம்பாட்' குருதிக் காட்சிகளுக்காகவும், 'நைட் ட்ராப்' இளம்பெண்கள் தாக்கப்படும் காட்சிகளுக்காகவும் சாடப்பட்டன. பின்னதில் அப்பெண்களைக் காப்பதே ஆட்டக்காரரின் பணி என்பது நோக்கத்தக்கது. இதன் விளைவாக 1994இல் தொழில்துறையே தரமதிப்பீட்டு வாரியம் ஒன்றை நிறுவியது. அது வன்முறை, குருதி, பாலியல் காட்சி, இழிசொல் முதலியவற்றைக் கொண்டு வயதுத் தகுதியை வகுத்தது. பெண்ணைப் பரிசுப்பொருளாக்கும் கதையமைப்பு அவ்வளவுகோலுக்குள் வரவில்லை.

இவ்விடைவெளியை அனிட்டா சர்க்கீசியன் 2013இல் வெளியிடத் தொடங்கிய காணொளித் தொடர் புலப்படுத்தியது. 'டாங்கி காங்' முதலாகத் தொடரும் மீட்புக் கதைகளை அது ஆராய்ந்தது. 2014 அக்டோபரில் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவர் உரையாற்றவிருந்தபோது, வருவோரைச் சுட்டுக் கொல்வதாக மிரட்டல் வந்தது. உரிமம் பெற்ற துப்பாக்கியுடன் வருவோரைத் தடுக்க அம்மாநிலச் சட்டம் இடமளிக்காமையால் அவர் உரையைக் கைவிட்டார்.

விளையாட்டே வன்செயலுக்குக் காரணம் என்று கொள்ளப் போதிய சான்று இல்லை என அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் தெளிவுபடுத்தியது. எனவே அம்மிரட்டலை விளையாட்டின் நேர்விளைவு எனல் பொருந்தாது. ஆயினும், செயல் யாருக்கு உரியது என ஆட்டம் வகுத்த எல்லையை வினவிய பெண்ணின் குரலைத் திரைக்கு வெளியே வன்முறையின் அச்சம் அடக்கியது. குருதியை மட்டும் அளந்த அளவுகோல் அவ்வெல்லையைக் காணவே இல்லை.