மதராசில் நின்ற ஒரே கப்பல்

"கதவு திறந்தது, ஆகவே இது தேவசித்தம்." "கதவு அடைபட்டது, ஆகவே இது தேவசித்தமல்ல." நம் வாலிபர் கூடுகைகளில் சாட்சி சொல்லும்போது இந்த இரண்டையும் அடிக்கடி கேட்கிறோம். விசா கிடைத்தது, வேலை போனது, பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கவில்லை, வரன் தட்டிப்போனது என்று எல்லாவற்றையும் இந்தக் கதவுக் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம். அந்தக் கணக்கு எவ்வளவு தூரம் சரி? இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரே கப்பலில் புறப்பட்ட இரண்டு இளந்தம்பதிகளின் வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம். அதில் ஒரு கிளை யாழ்ப்பாணம் வரைக்கும் வருகிறது.

1812 பிப்ரவரி 19 அன்று அமெரிக்காவின் சேலம் துறைமுகத்திலிருந்து 'காரவன்' என்ற பாய்மரக் கப்பல் கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. அதில் அதோனிராம் ஜட்சனும் அவர் மனைவி ஆனும் இருந்தார்கள். அவர்களோடு சாமுவேல் நியூவெல், அவர் மனைவி ஹாரியெட். ஜட்சனுக்கு வயது 23, ஹாரியெட்டுக்கு 18. இரு ஜோடிகளுக்கும் திருமணமாகி ஏறக்குறைய இரண்டு வாரமே ஆகியிருந்தது.

இந்தப் பயணத்துக்கு முன்பே ஜட்சனுக்கு ஒரு கதவு நன்றாகத் திறந்திருந்தது. பாஸ்டன் நகரத்துப் பெரிய சபை ஒன்றில் உதவிப் போதகராகும் வாய்ப்பு அது. வீட்டுக்கு அருகிலேயே இருப்பான் என்று தாய்க்கு மிகுந்த சந்தோஷம். கதவுக் கணக்குப்படி பார்த்தால் இதைவிடத் தெளிவான வழிநடத்துதல் வேறு என்ன வேண்டும்? ஆனால் சுவிசேஷம் கேளாத தேசங்களுக்குப் போகவேண்டும் என்ற பாரம் அவருக்குள் ஏற்கெனவே உறுதியாகிவிட்டிருந்தது. பாஸ்டன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஜூன் 17 அன்று கல்கத்தாவில் இறங்கினார்கள். அங்கே ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியின் கையில். மிஷனரிகளால் வியாபாரத்துக்கும் ஆட்சிக்கும் குழப்பம் வரும் என்று அஞ்சிய கம்பெனி, நாட்டை விட்டு வெளியேறும்படி உத்தரவிட்டது. அவர்கள் இறங்கிய மறுநாளே, ஜூன் 18 அன்று, அமெரிக்கா பிரிட்டன்மீது போர் அறிவித்திருந்தது. அந்தச் செய்தி கடல் கடந்து வந்தபின் அமெரிக்கர்கள்மேல் சந்தேகம் இன்னும் கூடியது.

இதற்கிடையே இன்னொன்றும் நடந்தது. கப்பலில் வரும்போதே ஜட்சன் ஞானஸ்நானத்தைக் குறித்து வேதத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். கல்கத்தாவில் அந்த ஆராய்ச்சியைத் தொடர்ந்து, செப்டம்பர் 6 அன்று அவரும் ஆனும் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றார்கள். எந்த உபதேசம் சரி என்ற தர்க்கத்துக்குள் நாம் இப்போது போகவில்லை. கவனிக்கவேண்டியது, அந்த முடிவுக்கு அவர்கள் கொடுத்த விலை. அவர்களை அனுப்பிய சங்கம் வேறு நம்பிக்கை உடையது. ஆகவே அதன் ஆதரவை விட்டுவிட வேண்டியதாயிற்று. அந்நிய நாட்டில், வெளியேறச் சொல்லி உத்தரவு வந்திருக்கும் நேரத்தில், மாதப்படி தரும் கையையும் விட்டார்கள். சூழ்நிலை முழுவதும் "இப்போது வேண்டாம்" என்றுதான் சொல்லியிருக்கும். அவர்கள் வேதத்தில் கண்டதற்குக் கீழ்ப்படிந்தார்கள்.

நியூவெல் தம்பதியர் அதற்கு முன்பே, ஆகஸ்டில், மொரிஷியஸ் தீவுக்குப் போகும் ஒரு கப்பலில் ஏறியிருந்தார்கள். அதில் இருவருக்கு மட்டுமே இடம் இருந்தது. ஹாரியெட் கர்ப்பவதி என்பதால் அந்த இடம் அவர்களுக்கு விடப்பட்டது. நடுக்கடலில் குழந்தை பிறந்து, சில நாட்களில் இறந்தது. கரை சேர்ந்த ஹாரியெட்டும் சயரோகத்தால் நவம்பர் 30 அன்று மரித்தார். அப்போது அவருக்கு வயது 19. ஊழியம் என்று சொல்லக்கூடிய ஒரு நாளைக்கூட அவர் காணவில்லை.

1813 ஜனவரியில் ஜட்சன் தம்பதியர் மொரிஷியஸ் வந்து சேர்ந்தபோது இந்தச் செய்திதான் காத்திருந்தது. அங்கே ஊழியத்துக்கு வாய்ப்பில்லை. பினாங்குக்குப் போகலாம் என்று எண்ணி, அங்கே போகும் கப்பலைத் தேடி ஜூன் மாதத் தொடக்கத்தில் மதராசுக்கு வந்தார்கள். மதராசும் கம்பெனியின் ஊர்தான். பிடிபட்டால் இங்கிலாந்துக்கு அனுப்பிவிடுவார்கள். பினாங்குக்குக் கப்பல் கிடைக்கவில்லை. உடனே புறப்படக்கூடியதாக நின்றது 'ஜார்ஜியானா' என்ற பழைய கப்பல் ஒன்றுதான். அது ரங்கூனுக்குப் போகிறது.

பர்மாவைப்பற்றி ஜட்சன் அமெரிக்காவிலேயே ஒரு தூதரின் பயண நூலில் ஆவலோடு படித்திருந்தார். ஆனால் கல்கத்தாவில் கேள்விப்பட்டதெல்லாம் அச்சமூட்டுவதாக இருந்தது. அரசனின் கொடுங்கோன்மை, சித்திரவதை, பிரஜைகள் மதம் மாறினால் மரணம். ஆகவே அந்த எண்ணத்தைக் கைவிட்டிருந்தார்கள். இப்போது அந்த இடத்துக்குத்தான் கப்பல் நிற்கிறது. ஜூன் 22 அன்று ஏறினார்கள். ஆனுக்குத் துணையாக அமர்த்தப்பட்ட பெண் கப்பல் புறப்பட்ட உடனேயே இறந்தாள். வழியில் ஆனுக்கு முதல் குழந்தை இறந்தே பிறந்தது. ஜூலை 13 அன்று ரங்கூனை அடைந்தார்கள்.

இங்கே ஒரு தேதியை நாம் கவனிக்கவேண்டும். மிஷனரிகள் இந்தியாவுக்குள் வர வழிவிட்ட கம்பெனிச் சட்டம் லண்டனில் நிறைவேறியது 1813 ஜூலை 21. அவர்கள் ரங்கூனில் இறங்கி எட்டு நாட்கள்தான் ஆகியிருந்தன. அடைபட்டிருந்த கதவு திறந்துவிட்டது. ஆனால் அந்தச் செய்தி கப்பலில் வந்து சேர இன்னும் மாதங்கள் ஆகும். அன்று அடைபட்ட கதவைப் பார்த்து "தேவன் இந்தியாவை என்றைக்கும் அடைத்துவிட்டார்" என்று யாராவது தீர்ப்புச் சொல்லியிருந்தால், அது தவறாகவே போயிருக்கும். சூழ்நிலை என்பது நம் கண்ணுக்கு எட்டிய அளவுதான். எட்டாத பகுதியும் அதே நேரத்தில் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

கம்பெனியின் உத்தரவை ஜட்சன் "வீட்டுக்குத் திரும்பு" என்ற தேவ சத்தமாக எடுத்துக்கொள்ளவில்லை. "இங்கே அல்ல" என்ற அளவிலேயே எடுத்துக்கொண்டார். ஏன் போகிறோம் என்பது அவருக்கு வேதத்திலிருந்து தீர்மானமாகியிருந்தது. எங்கே என்பதை மட்டும் கையைத் திறந்து வைத்திருந்தார். அப்போஸ்தலர் 16-ஆம் அதிகாரத்தில் பவுலுக்கும் இப்படித்தான் ஆனது. ஆசியாவிலே வசனத்தைச் சொல்லத் தடை, பித்தினியாவுக்குத் தடை. அதற்காக அவர் அந்தியோகியாவுக்குத் திரும்பிப் போகவில்லை. துரோவா வரைக்கும் நடந்தார். நாமோ பல நேரங்களில் தலைகீழாகச் செய்கிறோம். எங்கே என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு, எதற்காக என்பதை விசா வந்தபின் யோசிக்கிறோம்.

ரங்கூனில் முதல் விசுவாசியான மவுங் நாவ் ஞானஸ்நானம் பெற்றது 1819 ஜூன் 27. ஆறு ஆண்டுகள் ஒருவரும் இல்லை! "பலன் வந்தது, ஆகவே வழிநடத்துதல்" என்ற கணக்கும் அங்கே செல்லாது. பிறகு போர் மூண்டு ஆவாவில் சிறைவாசம், கால்களில் இரும்பு விலங்கு. மொழிபெயர்த்திருந்த புதிய ஏற்பாட்டின் கையெழுத்துப் பிரதி தலையணைக்குள் தைக்கப்பட்டுத் தப்பியது. விடுதலையானபின் 1826-இல் ஆன் மரித்தார். முழு வேதாகமத்தின் பர்மிய மொழிபெயர்ப்பை ஜட்சன் 1834-இல் முடித்தார்.

நியூவெல் என்ன ஆனார்? மனைவியையும் குழந்தையையும் இழந்த அவர், 1813-இன் தொடக்கத்தில் மொரிஷியசிலிருந்து தனியாக இலங்கைக்கு வந்தார். இலங்கை கம்பெனியின் ஆளுகையில் இல்லை. பிரிட்டிஷ் முடியரசின் நேரடி ஆளுகையில் இருந்தது. அங்கே அவரை யாரும் துரத்தவில்லை. யாழ்ப்பாணத்தில் தமிழ் மக்களிடையே ஊழியம் தொடங்கலாம் என்று அமெரிக்காவுக்கு எழுதினார். அதன் பலனாக 1816-இல் வந்தவர்களே அமெரிக்கன் மிஷனைத் தொடங்கினார்கள். தெல்லிப்பழையும் வட்டுக்கோட்டையும் அவர்களுடைய முதல் நிலையங்கள். 1824-இல் உடுவில் பெண்கள் பாடசாலை வந்தது. நம்மில் சிலருடைய பாட்டிமார் எழுத்துக் கற்றது அந்தப் பாடசாலையில்தான்.

"பார்த்தீர்களா, இதற்காகத்தான் ஹாரியெட் மரித்தார்" என்று சொல்லிவிட நாவு துடிக்கிறது. நாம் அப்படிச் சொல்ல விரும்பவில்லை. ஒரு பத்தொன்பது வயதுப் பெண்ணின் மரணத்தை நம் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிய விலையாகக் கணக்கெழுத நமக்கு உரிமை இல்லை. அந்த மரணத்துக்குப் பிறகும் தேவன் நியூவெலைக் கைவிடவில்லை என்பதுவரை சொல்லலாம். அதற்கு மேல் வேதமே பேசாத இடத்தில் நாமும் பேசாதிருப்பது நல்லது.

நியூவெல் யாழ்ப்பாணத்தில் தங்கவில்லை. பம்பாயில் தோழர்களுக்கு இடம் கிடைத்தது என்று அறிந்து அங்கே போனார். 1821-இல் காலரா கண்டு அங்கேயே மரித்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து வட்டுக்கோட்டையில் செமினரி திறந்தது.