இராஜாஜியின் வலதுசாரி அரசியலும் திருப்பெரும்புதூர்த் தொழில் மண்ணும்

இராமாநுசர் அவதரித்த தலம் என்று நூற்றாண்டுகளாக அறியப்பட்ட திருப்பெரும்புதூர், இன்று காரும் கண்ணாடியும் கைப்பேசியும் செய்யும் ஊராக உலகோர்க்கு அறிமுகமாகிறது. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலை 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்டது. இம்மாற்றத்தின் வரலாற்றை எழுதுவோர் 1991 ஜூலையில் வந்த தொழிற்கொள்கையிலிருந்தே தொடங்குவர். அதற்கு இரண்டு திங்கள் முன்னர்தான் இதே ஊர் மண்ணில் இராஜீவ் காந்தி கொலையுண்டார். ஆயினும், தொழில் தொடங்க அரசின் உரிமம் எதற்கு என்னும் வினாவை அதற்கு முப்பது ஆண்டுகட்கு முன்பே சென்னையிலிருந்து எழுப்பிய முதியவர் ஒருவர் உண்டு. அவர் சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார்.

1878இல் ஒசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்து, சேலத்தில் வழக்கறிஞராகப் புகழ்பெற்று, 1930இல் வேதாரணியத்தில் உப்பெடுத்து, 1937இல் சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சராகி, 1948இல் நாட்டின் தலைமை ஆளுநராக உயர்ந்த அவருடைய வாழ்க்கை பலரும் அறிந்ததே. 'சக்கரவர்த்தித் திருமகன்' 1958இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றதும் இலக்கிய அன்பர்கட்குப் புதிய செய்தியன்று. எண்பது வயதில் அவர் தொடங்கிய அரசியலே இங்கு ஆராயத்தக்கது.

1959 ஜனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரசு மாநாடு, கூட்டுறவுக் கூட்டுப்பண்ணை முறையை ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது. உழவனின் வரப்பை அழித்தால் அவன் உழைப்பின் ஊக்கமும் அழியும் என்பது இராஜாஜியின் வாதம். அவ்வாண்டிலேயே என். ஜி. ரங்கா, மினு மசானி ஆகியோருடன் சேர்ந்து சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்தார். அரசின் பிடியில் தொழிலும் வணிகமும் சிக்கிய நிலையை 'பர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்யம்' என்று பெயரிட்டு 'சுவராஜ்யா' இதழில் வாரந்தோறும் தாக்கினார். ஓர் ஆட்சிமுறையின் மீது இவ்வளவு ஒட்டிக்கொண்ட வசைப்பெயரைச் சூட்டியவர் பிறர் இலர். சிறுகதைக்காரரின் சொற்சிக்கனம் அரசியலிலும் அவருக்குக் கைகொடுத்தது.

கொள்கையளவில் அவர் புதிதாக மாறியவர் அல்லர். 1952இல் முதலமைச்சரானதும் உணவுப் பங்கீட்டுக் கட்டுப்பாட்டைத் துணிந்து நீக்கியவர் அவர். ஆனால், தொழில்களுக்கு உரிமம் விதித்த சட்டம் உருவான 1951இல் அவர் மத்திய உள்துறை அமைச்சராக இருந்தார் என்பதையும் வரலாறு மறைத்தல் ஆகாது. சந்தையை அவிழ்த்துவிட வேண்டும் என்றவரே மதுக்கடையை மட்டும் அரசு மூடியே தீரவேண்டும் என்றார். 1971இல் மதுவிலக்குத் தளர்த்தப்பட்டபோது முதலமைச்சர் கருணாநிதியை இல்லம் தேடிச் சென்று வேண்டினார். அவருடைய சுதந்திரம் கட்டற்றதன்று. அறத்தின் காவலில் நிற்பது. மேலைநாட்டு வலதுசாரிகளோடு அவரை அப்படியே பொருத்திப் பார்ப்போர் தடுமாறும் இடம் இதுவே.

கட்சியின் வளர்ச்சியும் தேய்வும் விரைவானவை. மக்களவையில் 1962இல் 18 இடங்கள். 1967இல் 44 இடங்களுடன் மிகப்பெரிய எதிர்க்கட்சி. 1971இல் 8 இடங்கள். உழவனின் வரப்புக்காகப் பேசிய கட்சியில் முன்னாள் அரசர்களும் பெருநிலக்கிழார்களும் நிறைந்திருந்தது அதன் தீராப் பலவீனம். 1967இல் அண்ணாவோடு கூட்டுச் சேர்ந்து காங்கிரசை வீழ்த்திய இராஜாஜி, நான்கே ஆண்டுகளில் தம் நெடுநாள் எதிரியான காமராசரோடு கைகோத்தார்.

பிரேசில் நாட்டுக் கார்லோசு லசெர்தாவின் வாழ்வு இவ்விடத்தில் ஒப்பிடத்தக்கது. அவரும் இதழாளர், சொல்வன்மை மிக்க வலதுசாரி. வர்கசு அரசையும் கூலார் அரசையும் கடுமையாக எதிர்த்து, 1964இல் படைத்தலைவர்களின் ஆட்சிக் கவிழ்ப்பை ஆதரித்தார். பின்னர் அவர்களோடு முரண்பட்டுப் பழைய பகைவர்களோடு கூடினார். 1968இல் அப்படையாட்சியே அவருடைய அரசியல் உரிமையைப் பறித்தது. இராஜாஜியோ வாக்குச்சீட்டைவிட்டு வேறு வழி தேடவில்லை. தோல்விக்குப் பின்னும் எழுதிக்கொண்டே இருந்து, 1972 டிசம்பர் 25இல் மறைந்தார்.

அவருடைய கல்விக் கருத்தை இம்மண் ஏற்கவில்லை. 1953இல் ஊர்ப்புறத் தொடக்கப்பள்ளிகளில் அவர் கொணர்ந்த அரைநாள் பள்ளித் திட்டத்தில், மீதிப் பொழுதைப் பிள்ளைகள் பெற்றோர் தொழிலில் கழிக்க வேண்டியிருந்தது. 'குலக்கல்வி' என்று எதிர்ப்பாளர் இட்ட பெயரே நிலைத்தது. அடுத்த ஆண்டு அவர் பதவி விலக, காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார். ஒரகடத்து ஆலைகளின் வாயிலில் நுழைவோருள் தந்தை ஏர்பிடித்தும் தறிநெய்தும் வாழ, ஐ.டி.ஐ.யோ டிப்ளமோவோ முடித்து வந்தவர்கள் பலர். தொழிலுக்குச் சந்தை வேண்டும் என்றவர், அச்சந்தைக்குக் குலத்தொழிலை விட்டு வெளியேறும் பிள்ளைகளே தேவை என்பதைக் காணத் தவறினார்.

நிலத்தைப் பற்றிய அவருடைய கருத்துத்தான் இன்றும் ஆறாத வினா. சொத்துரிமை அடிப்படை உரிமையாக நிற்கவேண்டும் என்பது சுதந்திராக் கட்சியின் உயிர்க்கொள்கை. 1964இன் 17ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தை அது எதிர்த்ததும் அதனால்தான். அவ்வுரிமை 44ஆம் திருத்தத்தால் 1979இல் அடிப்படை உரிமைகளின் பட்டியலிலிருந்து நீங்கியது. தொழில் உரிமத்தைக் கைவிட்ட அரசு, நிலம் எடுக்கும் அதிகாரத்தைக் கைவிடவில்லை. 1971இல் தோன்றிய சிப்காட் நிறுவனமே இப்பகுதியில் தொழிற்பூங்காக்களை அமைத்தது. அதற்கெனவே தொழில் நோக்கத்திற்கு நிலம் எடுக்கும் தனிச் சட்டத்தைத் தமிழக அரசு 1997இல் இயற்றியது. 2019இல் சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பால் செல்லாததான அச்சட்டம், அவ்வாண்டிலேயே மீண்டும் இயற்றப்பட்டு, 2021இல் உச்சநீதிமன்றத்தால் ஏற்கப்பட்டது. இராஜாஜியின் பாதி வாதம் இங்கு ஆலைகளாக எழுந்து நிற்க, மறுபாதி அவற்றின் அடிமனையில் புதைந்து கிடக்கிறது.

2022இல் பரந்தூரில் விமான நிலையம் அமைக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டபோது, ஏகனாபுரம் உழவர்கள் தங்கள் ஏரியையும் நஞ்செய்யையும் தரமாட்டோம் என்று கிராம சபையில் மீண்டும் மீண்டும் தீர்மானம் நிறைவேற்றினர்.