பிறப்புச் சான்றிதழில் ஒரு கோடு



போன கிழமை பழைய மாணவர் ஒருவர் கோல் எடுத்தார். மகளுக்குப் பாஸ்போட் எடுக்க வேண்டும். "சேர், என்னுடைய பிறப்பத்தாட்சியில் பாட்டன் இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய பெயரும் பிறந்த இடமும் எழுதச் சொல்லி ஒரு கட்டம் இருக்குது. அதில் வெறும் கோடுதான் கிழித்திருக்கு. மகளுக்குப் பிரச்சினை வருமா?" என்று கேட்டார்.

அந்தக் கோடு என்னுடைய சான்றிதழிலும் இருக்கிறது. எங்கள் தோட்டத்தில் என் வயதுக்காரர் பலருடைய சான்றிதழிலும் இருக்கிறது. அவருக்குச் சொன்னதை உங்கள் எல்லோருக்கும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1947 தேர்தலில் மலையக மக்கள் வாக்களித்தார்கள். இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. அடுத்த ஆண்டே, டி.எஸ். சேனாநாயக்க பிரதமராக இருந்தபோது, 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது என்றது அந்தச் சட்டம். அதற்கு முன் இங்கே பிறந்த ஒருவர், தன் தகப்பனும் இங்கே பிறந்தவர் என்று காட்ட வேண்டும். இல்லாவிட்டால் தகப்பனைப் பெற்ற பாட்டனும் அவருடைய தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். பிறப்பத்தாட்சியில் பாட்டனையும் பூட்டனையும் கேட்கும் கட்டங்கள் இந்தக் கேள்வியைத்தான் கேட்கின்றன.

என் அப்பா தோட்டத்து லயத்தில் பிறந்தவர். தாத்தா திருச்சிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து சிறு பையனாகக் கங்காணியோடு வந்தவர். ஆகவே அப்பா சட்டப்படி இந்த நாட்டுப் பிரஜை இல்லை. இந்தியாவும் அவரைத் தன் பிரஜையாக ஏற்கவில்லை. அவர் நாடற்றவர்.

1949 இல் இன்னொரு சட்டம் வந்தது. இந்தியரும் பாகிஸ்தானியரும் பதிவு மூலம் பிரஜையாகலாம். மணமானவருக்கு 7 ஆண்டு, மணமாகாதவருக்கு 10 ஆண்டு தொடர்ந்த வதிவு வேண்டும். ஒரு தடவையில் 12 மாதத்துக்கு மேல் நாட்டை விட்டுப் போயிருந்தால் தொடர்ச்சி அறுந்துவிடும். மனைவியின் வதிவையும் பார்ப்பார்கள். விண்ணப்பிக்க 1951 ஆகஸ்ட் 5 வரை இரண்டு வருட அவகாசம். சுமார் 2,37,000 விண்ணப்பங்கள் போயின. அவற்றில் அடங்கிய சுமார் 8,25,000 பேரில் பிரஜாவுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்குத்தான்.

அப்பாவும் விண்ணப்பித்தார். விசாரணையில் அம்மாவைப் பற்றிக் கேட்டார்கள். 1947 இல் நோயில் கிடந்த தன் தாயைப் பார்க்க அம்மா இந்தியா போய் 14 மாதம் தங்கியிருந்தார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. தாயைப் பார்த்த அந்த மேலதிக இரண்டு மாதத்துக்கு எங்கள் குடும்பம் இருபது வருடம் விலை கொடுத்தது.

1964 ஒக்டோபர் 30 இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 9,75,000 பேர் என்று கணக்கெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்தார்கள். ஓர் ஆளைக்கூட 'நீ எங்கே வாழ விரும்புகிறாய்' என்று கேட்டு அந்தக் கணக்கைப் போடவில்லை.

அப்பா இலங்கைக்கு விண்ணப்பித்தார். 1971 இல் கிடைத்தது. எனக்கு அப்போது 17 வயது. வயது வராத பிள்ளை என்பதால் அவருடைய பத்திரத்திலேயே என் பெயரும் ஏறியது. அதனால்தான் நான் அரசாங்க ஆசிரியராக முடிந்தது. நீங்கள் என்னைச் 'சேர்' என்று கூப்பிடுவதும் அந்தக் காகிதத்தால்தான்.

என் அக்கா 1969 இல் கலியாணம் முடித்துப் போய்விட்டார். அத்தான் இந்தியாவுக்கு எழுதியிருந்தார். மனைவி புருஷனுடைய விண்ணப்பத்தில் சேர்வாள். 1974 இல் ஒரு தகரப் பெட்டியோடும் கைக்குழந்தையோடும் அக்கா தலைமன்னாருக்கு ரயில் ஏறினார். ஸ்டேஷனில் அம்மா மண்ணில் விழுந்து அழுதது இன்றும் காதில் கேட்கிறது. அக்கா குடும்பம் நீலகிரியில் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போனது. 1984 இல் கப்பலும் நின்றது. பிறகு யுத்தம். அம்மா மகளை மறுபடி காணாமலே கண்ணை மூடினார்.

நான் ஓய்வு பெற்ற பிறகுதான் முதல் பாஸ்போட் எடுத்தேன். கோத்தகிரிக்குப் போனபோது அக்கா இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. மருமகள் ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துத் தந்தாள். அதில் அக்காவின் பழைய இந்தியப் பாஸ்போட்டும், மடிப்பெல்லாம் கிழிந்த இலங்கைப் பிறப்பத்தாட்சியும் இருந்தன. பாட்டன் கட்டத்தில் அதே கோடு. ஒரே லயத்தில் பிறந்து, ஒரே கோட்டைச் சுமந்த இருவர் இரண்டு நாட்டுப் பிரஜைகள்.

இப்போது அந்த மாணவருக்குச் சொன்ன பதில். 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களுடைய சந்ததிக்கும் பிரஜாவுரிமை தந்துவிட்டது. அதே வருடம் 16 ஆம் இலக்கத் திருத்தம், தாய் வழியாகவும் பிள்ளைக்குப் பிரஜாவுரிமை உண்டு என்றது. ஆகவே அந்தக் கோட்டைக் கண்டு பயப்படத் தேவையில்லை.

ஆனால் ஆதாரம் வேண்டும். வீட்டில் தாத்தா, அப்பாவின் பிரஜாவுரிமைப் பத்திரம் இருந்தால் பத்திரமாக வையுங்கள், பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துக் கிளாக்கர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்களைச் சான்றிதழ்களில் ஒப்பிட்டுப் பாருங்கள். ராமசாமி ஒன்றில் ராமன் ஆகியிருக்கும். பிழை இருந்தால் பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் இப்போதே திருத்துங்கள், விசா நாள் நெருங்கிய பிறகு ஓட வேண்டாம். பிள்ளை பிறந்தால் மூன்று மாதத்துக்குள் பதியுங்கள். கோயிலில் தாலி கட்டினாலும் விவாகத்தையும் பதியுங்கள்.

அந்தக் கோட்டைப் பற்றிப் பிள்ளைகள் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். தாத்தா ஒளித்த குற்றம் எதுவும் அதில் இல்லை. அவர் கடல் கடந்து வந்து இந்த மலையில் தேயிலை நட்டவர் என்பதற்கு அரசாங்கம் எழுதித் தந்த சாட்சி அது.

அன்புடன், உங்கள் பழைய வரலாற்று ஆசிரியர்.