பெயர் ஒன்று, நகரங்கள் பல

வெளிமாநிலத்தில் வாழும் நாம் ஊருக்கு மடல் எழுதும்போது, முகவரியில் 'புதூர்' என்று மட்டும் எழுதி நிறுத்துவதில்லை. வட்டத்தின் பெயரையும் சேர்த்தே எழுதுகிறோம். இல்லையேல் மடல் வேறொரு புதூருக்குப் போய்விடும். இருபத்துமூன்று நூற்றாண்டுகளுக்கு முன் மேற்கு ஆசியாவிலும் இத்தகைய குழப்பத்திற்கு இடமிருந்தது.

கி.மு. 323-இல் அலெக்சாந்தர் மறைந்தபின், அவன் வென்ற நாடுகளை அவனுடைய படைத்தலைவர்கள் தமக்குள் பங்கிட்டுக்கொண்டனர். அவர்களுள் ஒருவன் செலூக்கஸ். சந்திரகுப்த மௌரியனோடு உடன்படிக்கை செய்துகொண்டு 500 யானைகளைப் பெற்றவன் என நம் நாட்டு வரலாறும் அவனை அறியும். பரந்த நாட்டைச் சிறு படையைக் கொண்டு ஆளுதல் அரிது. ஆதலின் அவன் கிரேக்கரையும் மாசிதோனியரையும் ஆங்காங்கே குடியேற்றி நகரங்கள் அமைத்தான். தந்தை அந்தியோக்கஸின் பெயரால் 16, தாய் லவோதிக்கேயின் பெயரால் 5, தன் பெயரால் 9, மனைவி அபாமாவின் பெயரால் 3 நகரங்கள் என்று கி.பி. 2-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் அப்பியன் கணக்குத் தருகிறார்.

பதினாறு அந்தியோக்கியாக்களையும் எவ்வாறு பிரித்தறிவது? ஆற்றின் பெயரும் நாட்டின் பெயரும் துணைக்கு வந்தன. 'ஒரோந்தஸ் ஆற்றங்கரை அந்தியோக்கியா', 'பிசிதியாவை அடுத்த அந்தியோக்கியா' என மக்கள் வழங்கினர். நிசிபிஸ், கெராசா போன்ற பழைய ஊர்களுக்கும் காலப்போக்கில் அந்தியோக்கியா என்னும் பெயர் சூட்டப்பட்டது.

அரச குடும்பத்தின் பெயர்கள் மட்டுமன்றி, மாசிதோனிய ஊர்ப்பெயர்களும் அங்கே குடியேறின. எதெஸ்ஸா, பெரோயா என்னும் பெயர்கள் மாசிதோனியாவில் தோன்றி ஆசிய நகரங்களுக்கு வழங்கப்பட்டவை. பிறந்த ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்தவர்க்கு அப்பெயரைச் சொல்லுவதே ஓர் ஆறுதலாக இருந்திருக்கும் என்பதை நமக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை.

இப்பெயர்களுள் நிலைத்தவை எவை? பெரோயா என்ற பெயர் மறைந்தது; அவ்வூரின் தொன்மைப் பெயராகிய ஹலப் இன்றும் வழங்குகிறது. அதுவே அலெப்போ. கெராசா ஜெராஷ் ஆயிற்று. நிசிபிஸ் நுசைபின் ஆயிற்று. இவ்விரண்டு ஊர்களிலும் அரசர் இட்ட புதுப்பெயர் நிலைக்கவில்லை. ஆயின் கி.மு. 300-இல் ஒரோந்தஸ் கரையில் எழுந்த அந்தியோக்கியா, துருக்கியில் அந்தாக்கியா என்னும் பெயரோடு வாழ்கிறது. சிரியாவின் கடற்கரையில் இருந்த லவோதிக்கேயா இன்று லத்தாக்கியா.

2023 பிப்ரவரியில் நேர்ந்த நிலநடுக்கத்தில் அந்தாக்கியாவின் பெரும்பகுதி இடிந்து வீழ்ந்தது. பல்லாயிரவர் வீடிழந்து வேற்றூர்களுக்குச் சென்றனர். அங்கேயும் அவர்கள் தம் ஊரை அந்தாக்கியா என்றே சொல்லுவர். பெயரைச் சூட்டியவன் அரசன். அதைக் காத்து வருவோர் அவ்வூர் மக்களே.