வாடிய கீரையும் சூடான கொழுப்பும்

கீரையை வேகவைக்காமலும் பச்சையாக விடாமலும், இரண்டுக்கும் நடுவில் நிறுத்தி உண்பதைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானிய உழவர்களின் வழக்கம் அது. 1683-இல் ஜெர்மன்டவுன் என்னும் ஊர் தோன்றிய பின், அலை அலையாக வந்து சேர்ந்தவர்கள் இவர்கள். ‘பென்சில்வேனியா டச்சுக்காரர்’ என்று பெயர்; பேசுவதோ ஜெர்மன் கிளைமொழி!

பனிக்காலம் முழுவதும் உப்பிட்ட பன்றி இறைச்சி, புளிக்கவைத்த முட்டைக்கோசு, கிழங்கு. பனி உருகியதும் வயலோரத்தில் முதலில் தலைகாட்டுவது டான்டிலியன் செடி. இதுவும் ஐரோப்பாவிலிருந்து வந்ததுதான். சிங்கப்பல் போன்ற விளிம்புள்ள அதன் இலைகளைப் பூ பூக்குமுன் பறித்துவிட வேண்டும். பிறகு கசப்பு ஏறிவிடும். ஈஸ்டருக்கு முந்தைய வியாழனை ஜெர்மானியர் ‘பச்சை வியாழன்’ என்பர். அன்று கீரை உண்டால் ஆண்டு முழுவதும் நோய் அண்டாது என்பது நம்பிக்கை.

செய்முறை எளிது. இறைச்சித் துண்டுகளை வறுத்தால் கொழுப்பு உருகி வரும். அதில் காடி, சர்க்கரை, அடித்த முட்டை, சிறிது மாவு சேர்த்துக் கிளறி, கெட்டியானதும் சுடச்சுட இலைமேல் ஊற்றிப் புரட்டுவர். நம் வீட்டில் தாளித்துக் கொட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் சூடாக ஊற்ற வேண்டும்? ஆலிவ் மரம் குளிர்நாட்டில் வளராது. கிடைத்தது பன்றிக் கொழுப்பு. ஆறினால் அது உறைந்து வாயில் மெழுகாக ஒட்டும். ஆகவே சூடு கட்டாயமாயிற்று. அந்தச் சூடு இலையில் என்ன செய்கிறது? உயிரணுக்களின் சவ்வு சிதைகிறது. உள்ளிருந்த நீர் கசிகிறது. நீரின் அழுத்தத்தால் விறைத்து நின்ற இலை துவண்டுவிடுகிறது. காடியின் அமிலமோ பச்சையத்திலுள்ள மக்னீசியத்தை வெளியேற்றி, நிறத்தை மங்கச் செய்யும். அதனால்தான் உண்ணும் நேரத்தில் ஊற்றுகிறார்கள்.

நம்பிக்கைக்கு வருவோம். 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், ஸ்கர்வி நோயாளிகள் 12 பேரை இருவர் இருவராகப் பிரித்து வெவ்வேறு பொருள் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர் விரைவில் தேறினர். காடி குடித்த இருவருக்குப் பயனில்லை! புளிப்பில் இல்லை மருந்து. வைட்டமின் ‘சி’ என்று அது அடையாளம் காணப்பட்டது 1932-இல்தான். டான்டிலியன் இலையில், 100 கிராமுக்குச் சுமார் 35 மில்லிகிராம் இருக்கிறது. நீரில் வேகவைத்து வடித்தால் அதில் பெரும்பகுதி வடிநீரோடு போய்விடும். இங்கே வடிப்பதற்கு ஒன்றுமில்லை. கசிந்த சாற்றையும் வேகவைத்த உருளைக்கிழங்கோடு பிசைந்து உண்டுவிடுகிறார்கள்.